இலையைக் கணக்கில் சேர்த்தவர்கள்

இது நீளமான பதிவு. ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் பாதியை இப்போதும் மீதியை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் படியுங்கள். படிக்காமலே கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

"மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்." பள்ளிச் சுற்றுச்சுவரில் பார்த்திருப்பீர்கள், பேருந்தின் முதுகில் பார்த்திருப்பீர்கள், ஜூன் மாத ஊர்வலங்களில் தொண்டை வறளக் கத்தியும் இருப்பீர்கள். என் தங்கை மகன் சமீபத்தில் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, மழை பெய்யற இடத்துல மரம் இருக்கு, சரி. மரம் இருக்கறதாலதான் மழை பெய்யுதுன்னு எப்படிச் சொல்றீங்க? யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களா?"

நியாயமான கேள்வி. சோதித்துப் பார்க்க இரண்டு பூமி வேண்டும். ஒன்றில் காடு இருக்க வேண்டும், மற்றதில் இருக்கக் கூடாது. நமக்கு வாய்த்ததோ ஒன்றுதான். அதனால் விஞ்ஞானிகள் கணினிக்குள் பூமிகளைச் செய்தார்கள். காற்று மண்டலத்தைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் வெப்பம், அழுத்தம், ஈரம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்கிட்டுக்கொண்டே போவதுதான் அந்தக் கணினிப் பூமி. ஆனால் வெகுகாலம் அந்தப் பூமியில் ஓர் இலைகூட இல்லை! இலை அதற்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

கணினி வருவதற்கு முன்பே இதைத் தொடங்கியவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். குவேக்கர் மரபைச் சேர்ந்தவர், ஆயுதம் தூக்க மறுத்தவர். முதல் உலகப் போரில் பிரான்சில் அடிபட்ட வீரர்களை ஏற்றிச்செல்லும் ஆம்புலன்ஸ் பிரிவில் வேலை பார்த்தார். ஓய்வு கிடைத்த நேரங்களில், குளிரடிக்கும் தங்குமிடத்தில், வைக்கோல் குவியலையே மேசையாக்கி, வானிலையைக் கையால் கணக்குப் போட்டார். எடுத்துக்கொண்ட நாள் 1910 மே 20. அன்று காலை நிலவரத்தை வைத்து, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று பார்த்தார். விடை 145 மில்லிபார். உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. இடையில் 1917இல் ஷாம்பெய்ன் போர்க்களத்துக் குழப்பத்தில் கையெழுத்துப் பிரதியே காணாமல் போய், மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கடியில் கிடைத்தது. தவறான விடையை மறைக்காமல் அப்படியே 1922இல் புத்தகமாகப் போட்டார். விடை தப்பாக வந்தால் பக்கத்தைக் கிழித்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்.

அந்தத் தோல்வியைப் பலரும் எழுதுகிறார்கள். அதே புத்தகத்தில் அவர் இலையைப் பற்றி எழுதியிருப்பதைச் சொல்பவர்கள் குறைவு. நிலத்துக்கும் காற்றுக்கும் இடையே நடக்கும் வெப்ப, ஈரக் கொடுக்கல் வாங்கலில், இலை இருக்குமிடத்தில் இலையின் கைதான் ஓங்கியிருக்கும் என்று அவர் கண்டிருந்தார். இலைத்துளை வழியாக எவ்வளவு ஆவி போகும் என்பதையும் கணக்கில் கொண்டுவரப் பார்த்தார். மனிதர் காலத்துக்கு முன்னால் பிறந்துவிட்டார். அவருக்குப் பிறகு இலை வெகுநாள் மறக்கப்பட்டது.

கணினி வந்தது. ஜப்பானின் எஹிமே மாகாணத்துக் கிராமத்தில் பிறந்து 1958இல் அமெரிக்கா சென்ற சியுகுரோ மனாபே, 1960களில் உலகின் தட்பவெப்பத்தைக் கணினியில் ஓடவைத்தவர்களில் முதன்மையானவர். நிலத்தை என்ன செய்வது என்று அவருக்கும் சிக்கல். மழை நிலத்தில் விழுகிறது, பிறகு ஆவியாகிறது. இதற்கு அவர் 1969இல் வெளியிட்ட தீர்வு, ஒரு வாளி. நிலத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள வாளி ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டார். மழை பெய்தால் நிரம்பும். நிரம்பி வழிந்தால் அது ஆறு. முக்கால் வாளிக்கு மேல் தண்ணீர் இருந்தால் ஆவியாதல் முழு வேகத்தில் நடக்கும், அதற்குக் கீழே போனால் இருக்கும் தண்ணீருக்கு ஏற்பக் குறையும். அவ்வளவுதான். வேர் கிடையாது, இலை கிடையாது. அமேசான் காட்டுக்கும் அதே வாளி, நம் பக்கத்து வானம் பார்த்த பூமிக்கும் அதே வாளி.

இதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. அன்றைய கணினிக்கு அந்த வாளியே பாரம். அதோடு, கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்பதற்கு நம்பத் தகுந்த முதல் கணக்குகளைத் தந்தவரும் அவர்தான். 2021இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றபோது அவருக்குத் தொண்ணூறு வயது.

இனி ஆப்பிரிக்காவுக்குப் போவோம். இந்தக் கதையில் மனித உயிர் சம்பந்தப்பட்ட இடம் அது.

சஹாராவுக்குத் தெற்கே செனகல், மாலி, நைஜர், சாட் என்று நீளும் வறண்ட புல்வெளிப் பட்டைக்கு சாஹேல் என்று பெயர். 1960களின் கடைசியில் அங்கே மழை பொய்த்தது. ஓராண்டு ஈராண்டல்ல, தொடர்ந்து பொய்த்தது. மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மேய்ச்சல்காரக் குடும்பங்கள் நடந்தே தெற்கே போயின. பட்டினியில் பெருந்தொகையானோர் மாண்டார்கள். யார் காரணம் என்ற கேள்வி எழுந்ததும், பல விரல்கள் மேய்ச்சல்காரனை நோக்கியே நீண்டன. அளவுக்கு மீறி மாடு வளர்த்தான், புல்லைத் தின்னவிட்டான், பாலைவனத்தை வரவழைத்துக்கொண்டான் என்றார்கள்.

அந்த நேரத்தில் செயற்கைக்கோள் படமொன்று பேசப்பட்டது. சினாய், நெகேவ் பகுதிகளுக்கு நடுவே உள்ள எல்லைக்கோடு வானத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது. ஆடுகள் மேய்ந்து தீர்த்த பக்கம் வெளுப்பாகவும், மேயாத பக்கம் கருப்பாகவும் இருந்தன. 1974இல் ஜோசப் ஆட்டர்மன் இதை எழுதினார். அடுத்த ஆண்டு, எம்.ஐ.டி.யின் ஜூல் சார்னி அந்த வெளுப்பைக் கணினிப் பூமியில் ஏற்றிப் பார்த்தார். 1950இல் உலகின் முதல் கணினி வானிலைக் கணிப்பைச் செய்த குழுவில் இருந்தவர் அவர், சாமானியப்பட்டவரல்ல. நூறு பங்கு வெயிலில் 14 பங்கைத் திருப்பி அனுப்பும் நிலம் ஒன்று, 35 பங்கைத் திருப்பி அனுப்பும் நிலம் ஒன்று என இரண்டு முறை மாதிரியை ஓட்டினார். மற்ற எல்லாம் ஒன்றே. வெளுத்த நிலத்தில் மழை குறைந்தது.

காரணம் இதுதான். வெளுத்த மணல் வெயிலைத் திருப்பிவிடுவதால் நிலமும் அதன் மேலுள்ள காற்றும் பெறும் வெப்பம் குறைகிறது. மேலே எழ வேண்டிய காற்று கீழே இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் திரளாது. மழை குறைய, புல் குறையும். புல் குறைய, நிலம் இன்னும் வெளுக்கும். வட்டிக்கு வட்டி மாதிரி.

அழகான விளக்கம். ஆனால் சார்னியின் பூமியில் செடி என்பது வெறும் நிறம்தான். சுண்ணாம்பு அடித்த சுவருக்கும் சாணி மெழுகிய தரைக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே அங்கே புல்லுக்கும் மணலுக்கும் இருந்தது. புல் தண்ணீர் குடிக்கவில்லை, மூச்சு விடவில்லை. சார்னி இப்படி நடக்கக்கூடும் என்ற ஒரு வழியைத்தான் காட்டினார். மேய்ச்சல்காரன்மேல் ஏற்கெனவே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கணினியே கொடுத்த சாட்சியாகிப் போனது. இந்த வழக்கு இன்னும் கால் நூற்றாண்டு நடந்தது. தீர்ப்புக்குப் பிறகு வருகிறேன்.

சார்னியிடம் படித்த மாணவர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. ஜெகதீஷ் சுக்லா. 1944இல் உத்தரப் பிரதேசத்தின் பல்லியா மாவட்டத்தில் மிர்தா என்ற கிராமத்தில் பிறந்தார். மின்சாரம் இல்லை, சாலை இல்லை, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் இல்லை. ஆரம்பக் கல்வி பெரும்பாலும் ஓர் ஆலமரத்தடியில். சுற்றுவட்டார உயர்நிலைப் பள்ளிகளில் அறிவியல் பாடமே கிடையாது என்பதால், ஆறு முதல் பத்து வரையுள்ள அறிவியல் புத்தகங்களை ஒரே கோடை விடுமுறையில் படிக்கச் சொன்னார் அப்பா. படித்தார், கல்லூரியில் அறிவியல் சேர்ந்தார், பிறகு எம்.ஐ.டி. வரை போனார். ஓட்டுக் கட்டடத்தில் மழை ஒழுகுகிறது என்று அலுத்துக்கொண்ட எங்கள் ஆசிரியர் அறையை நினைத்துக்கொண்டேன்.

இந்த சுக்லாவும் யேல் மின்ட்ஸ் என்ற மூத்த அறிஞரும் 1982இல் ஒரு சோதனை செய்தார்கள். முரட்டுத்தனமான சோதனை, ஆனால் தெளிவானது. ஒரு பூமியில் நிலம் முழுக்க ஈரம், ஆவியாதல் முழு வேகம். இன்னொரு பூமியில் நிலத்திலிருந்து ஒரு சொட்டுகூட ஆவியாகக் கூடாது. ஜூலை மாதத்தை ஓட்டிப் பார்த்தார்கள். வறண்ட பூமியில் ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் மழை ஏறக்குறைய நின்றே போனது, வெப்பம் தாறுமாறாக ஏறியது. இந்தியாவும் தென்கிழக்கு ஆசியாவும் விதிவிலக்கு. அங்கே பருவக்காற்று கடலிலிருந்தே ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. தங்கை மகன் இந்த வரியைக் குறித்துக்கொள்ளட்டும்.

சரி, நிலத்து ஈரம் மழையைப் பாதிக்கிறது என்று தெரிந்தது. அந்த ஈரத்தை வெளியே விடுவது யார்? செடிக்கிளையில் பாலித்தீன் பையைக் கட்டி, மறுநாள் காலையில் உள்ளே திரண்டிருக்கும் நீர்த்துளிகளைப் பார்த்தோமே, அந்த நீராவிப்போக்கு. இலைத்துளை திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே போகும், சமையல் நடக்கும். திறந்தால் தண்ணீர் வெளியே போய்விடும். திறந்தால் தாகம், மூடினால் பசி. ஒவ்வொரு செடியும் பகல் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் குடித்தனம் நடத்துகிறது. வாளிக்கு இந்தத் தவிப்பு கிடையாது.

இதைக் கணக்கில் சேர்க்க வந்தவர்களில் என் மனத்துக்கு நெருக்கமானவர் பியர்ஸ் செல்லர்ஸ். 1955இல் இங்கிலாந்தில் பிறந்து, லீட்ஸில் முனைவர் பட்டம் வாங்கி, 1982இல் அமெரிக்காவின் நாசா ஆய்வு மையத்துக்கு வந்தவர். 1986இல் மின்ட்ஸ், சுத், டால்ச்சர் ஆகியோருடன் சேர்ந்து 'எளிய உயிர்மண்டல மாதிரி' என்ற ஒன்றை வெளியிட்டார். பெயர்தான் எளிய. மேலே மர விதானம், கீழே புல்பூண்டு, அதற்கும் கீழே மூன்று அடுக்கு மண். வேர் எந்த அடுக்கிலிருந்து உறிஞ்சும், இலைமேல் விழுந்த மழையில் எவ்வளவு தரைக்கு வராமலே ஆவியாகும், வெயிலும் வறட்சியும் கூடும்போது இலைத்துளை எவ்வளவு சுருங்கும் என்று எல்லாம் அதில் உண்டு. அதே ஆண்டு ராபர்ட் டிக்கின்சன் குழுவும் தனியே இப்படியொரு மாதிரியைக் கொண்டுவந்தது.

செல்லர்ஸ் மாதிரியை வளிமண்டல மாதிரியோடு முழுமையாக இணைத்து ஓட்டிய முடிவு 1989இல் வந்தது. செடியைச் சேர்த்ததும் மழை கூடியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? கண்டங்களின் மேல் மழை குறைந்தது! வாளி ஊதாரி, கையில் இருப்பதைத் தாராளமாகச் செலவழிக்கும். இலை சிக்கனக்காரி, வெயில் ஏறினால் கதவைச் சாத்திவிடுவாள். அதுவரை கணினிப் பூமிகள் நிலத்திலிருந்து அளவுக்கு மீறித் தண்ணீரை ஆவியாக்கிக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. சுவரில் எழுதியிருக்கும் வாசகத்துக்கு இது நேர் ஆதரவுமில்லை, மறுப்புமில்லை. செடி தண்ணீரை வெறுமனே கக்கும் குழாயல்ல, கணக்குப் பார்த்துச் செலவிடும் உயிர் என்பதுதான் இதற்குப் பொருள்.

கணினி அறையில் உட்கார்ந்தே இதைச் செய்துவிடவில்லை. 1987லும் 1989லும் கான்சஸ் மாநிலத்தின் கொன்சா புல்வெளியில் 15 கிலோமீட்டருக்கு 15 கிலோமீட்டர் நிலத்தை எடுத்துக்கொண்டு, கீழே இலையை அளப்பவர்கள், மேலே விமானம், அதற்கும் மேலே செயற்கைக்கோள் என்று ஒரே நேரத்தில் அளந்தார்கள். ஒற்றை இலைக்குப் பொருந்தும் கணக்கு ஒரு மாவட்டத்துக்கும் பொருந்துமா என்பதுதான் கேள்வி. பிறகு 1990களில் கனடாவின் ஊசியிலைக் காடுகளுக்குப் போனார்கள். அங்கே கிடைத்த ஒரு விஷயத்தை நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிப் புரியவைப்பேன். பனி விழுந்தால் தரை வெள்ளை. அதனால் பனிக்காலக் காடும் வெள்ளை என்று வானிலைக் கணிப்பு மாதிரி எண்ணியிருந்தது. உண்மையில் பனி மரத்தடியில் கிடக்கிறது, மேலே கரும்பச்சை மரங்கள் வெயிலைக் குடித்துக்கொண்டு நிற்கின்றன. ஐரோப்பாவின் நடுத்தரக் கால வானிலைக் கணிப்பு மையம் 1996 டிசம்பரில் இதைத் திருத்தியதும், அந்த வடக்குப் பகுதிகளுக்கு வேண்டாத குளிரைக் கணித்துவந்த கோளாறு வெகுவாகக் குறைந்தது. இதற்கு முன்பே 1992இல் கார்டன் போனனும் சகாக்களும், வடகோடிக் காடுகளை மாதிரியில் அழித்தால் அந்தப் பகுதி குளிர்ந்து போகும் என்று காட்டியிருந்தார்கள். மரம் வைத்தால் குளிர்ச்சி என்பது எல்லா ஊருக்கும் பொதுவல்ல.

செல்லர்ஸ் அதோடு நிற்கவில்லை. ஒளிச்சேர்க்கைக்கான சமன்பாடுகளை ஃபார்குவரும் கூட்டாளிகளும் 1980இலேயே எழுதியிருந்தார்கள். அதில் ஒருவரான ஜோ பெர்ரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இலையின் சமையலையும் தாகத்தையும் ஒரே கணக்காக்கினார். கரியமில வாயு இரட்டிப்பானால் இலைத்துளைகள் அவ்வளவு திறக்க வேண்டியதில்லை, ஆவி குறையும், வெப்பமண்டல நிலம் அதனாலேயே கூடுதலாகச் சூடாகும் என்று 1996இல் காட்டினார். அதே ஆண்டு விண்வெளி வீரராகத் தேர்வானார். 2002, 2006, 2010 என மூன்று முறை பறந்தார், ஆறு முறை விண்கலத்துக்கு வெளியே மிதந்து வேலை பார்த்தார். காட்டை இலையிலிருந்தும் அளந்து, வானத்துக்கு அப்பாலிருந்தும் பார்த்தவர் என்று வேறு யாரைச் சொல்ல? 2016இல் கணையப் புற்றுநோயால் காலமானார். நோய் முற்றியது தெரிந்த பிறகும் அலுவலகம் போய் பருவநிலை வேலையைத்தான் பார்த்தார்.

இவ்வளவும் செய்தும் ஒரு குறை பாக்கி. மாதிரியில் காடு எங்கே இருக்க வேண்டும் என்று மனிதர்தான் வரைந்து கொடுத்தார்கள். 1990இல் சுக்லா, பிரேசிலின் கார்லோஸ் நோப்ரே, செல்லர்ஸ் மூவரும் அமேசான் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக மாற்றிப் பார்த்தபோது வெப்பம் கூடி, மழை குறைந்து, வறட்சிக் காலம் நீண்டது. அழித்தபின் காடு தானாகத் திரும்புவதே கடினம் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. ஆனால் அந்தக் காடு தானாக வளரவுமில்லை, சாகவுமில்லை. நாடகத்தின் பின்திரையில் வரைந்த மரம் மாதிரி நின்றது.

மரத்தைப் பிறக்கவும் இறக்கவும் விட்ட மாதிரிகள் 1990களின் பிற்பாதியில் வந்தன. பிரிட்டனின் ஹாட்லி மையத்தில் ஒன்றுக்கு 'டிரிஃபிட்' என்று பெயர் வைத்தார்கள். ஜான் விண்டமின் 1951ஆம் ஆண்டு நாவலில் எழுந்து நடந்து மனிதரைக் கொல்லும் செடிகளின் பெயர் அது. விஞ்ஞானிகளுக்கும் குறும்பு உண்டு. அகன்ற இலை மரம், ஊசியிலை மரம், இரண்டு வகைப் புல், புதர் என ஐந்தே வகைச் செடிகள் இடத்துக்குப் போட்டி போடும். இதை வளிமண்டலத்தோடும் கடலோடும் கோத்து பீட்டர் காக்ஸ் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு உலகை உலுக்கியது. நாம் இப்படியே புகைவிட்டுக்கொண்டிருந்தால், 2050 வாக்கில் வரை கரியை விழுங்கும் நிலமும் காடும் அதன்பின் கரியை வெளியே விடத் தொடங்கும். நூற்றாண்டு முடிவில் பூமி 4 டிகிரிக்குப் பதில் 5.5 டிகிரி சூடாகும். அந்தக் கணினிப் பூமியில் அமேசான் காடு காய்ந்து கருகியது.

இது அப்படியே நடக்கும் என்று நான் பிள்ளைகளைப் பயமுறுத்த மாட்டேன். 2006இல் பதினொரு மாதிரிகளை ஒப்பிட்டபோது, எல்லாமே ஒரே திசையைக் காட்டின. அளவுதான் 20 முதல் 200 பிபிஎம் வரை விலகியது. ஹாட்லி மாதிரி அதிகம் காட்டிய பக்கத்தில் இருந்தது. அமேசான் அவ்வளவு எளிதில் மடியாது என்று பிந்தைய ஆய்வுகள் சில சொல்கின்றன. ஆனால் திசையில் சண்டை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது சாஹேல் வழக்கு. 1986இல் பிரிட்டிஷ் வானிலை ஆய்வாளர்கள் 1901 முதலான கடல் வெப்பநிலையையும் சாஹேல் மழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தே நடந்தன. 1991இல் காம்ப்டன் டக்கரும் கூட்டாளிகளும் செயற்கைக்கோளை வைத்து, பாலைவனத்தின் விளிம்பு ஒரே திசையில் முன்னேறவில்லை, மழைக்கேற்ப முன்னும் பின்னும் போய்வருகிறது என்று காட்டினார்கள். 1999இல் நிங் செங் குழு உயிருள்ள செடியை வளிமண்டல மாதிரியோடு இணைத்து ஓட்டியது. கடலை மட்டும் வைத்தால் வறட்சி பலவீனமாக வந்தது. செடியையும் சேர்த்தால்தான் சாஹேல் கண்ட நீண்ட வறட்சிக்குப் பக்கத்தில் வந்தது. 2003இல் அலெசாண்ட்ரா ஜியானினி குழு கடலின் பங்கை மேலும் உறுதி செய்தது. ஆக, வறட்சியைத் தொடங்கிவைத்தது எங்கோ தொலைவில் சூடான கடல். அதை இழுத்து நீட்டியது புல் மடிந்த நிலம். சார்னி சொன்ன வட்டிக்கணக்கு உண்மைதான், ஆனால் கடனை வாங்கியவன் மேய்ச்சல்காரனல்ல. மாட்டையும் பிள்ளையையும் இழந்து, பழியையும் சுமந்தவர்களிடம் இந்தத் தீர்ப்பை யாரும் போய்ப் படித்துக் காட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் வாசகத்துக்கு வருகிறேன். நமக்குப் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம், அதன் ஈரம் வங்காள விரிகுடாவினுடையது. பத்து மரம் நட்டால் புயல் சின்னம் உருவாகிவிடாது. ஆனால் தென்மேற்குப் பருவத்தில், மலைக்கு இந்தப் பக்கம் நமக்குக் கிடைக்கும் கொஞ்ச மழையில் காட்டுக்குப் பங்குண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் விடும் ஆவியை மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இதே இணைப்பு முறையில் கணக்கிட்டு 2018இல் வெளியிட்டார்கள். பருவமழை குறைந்த ஆண்டுகளில், தமிழ்நாட்டின் அந்த மழைக்கான ஈரத்தில் 40 சதவீதம் வரை அந்தக் காடுகள் தருகின்றன. கடல் கைவிரிக்கும் ஆண்டில்தான் காடு கைகொடுக்கிறது. தங்கை மகனுக்கு என் பதில் இதுதான். அவன் கேட்டது தெருவோரக் கன்றைப் பற்றி, நான் சொல்வது வால்பாறைக்கும் குற்றாலத்துக்கும் மேலே நிற்கும் சோலைக்காட்டைப் பற்றி. கன்றும் நடலாம், நிழல் தரும்.

கல்லூரியில் இயற்பியல், கணினி படிக்கும் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால் ஒரு செய்தி. அமெரிக்காவில் உருவான 'சமுதாய நில மாதிரி' இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். எப்படி ஓட்டுவது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். இந்தப் பதிவைக் கைபேசியில் தட்டச்சு செய்யவே மூன்று நாள் ஆயிற்று. வேறு கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பகலில் ரேஷன் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது, மாலையில் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.